சாயம் வெளுக்கும் புரதம்

மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் தெருத் தமிழர்களிடையே ஒரு துண்டறிக்கை கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது. கடலின் சிவப்புப் பாசியிலுள்ள நிறமிப் புரதம் சர்க்கரையைத் தீர்க்கும், புற்றைக் கரைக்கும், பித்தத்தைத் தணிக்கும் என்று எழுதியவர் அடித்துச் சொல்கிறார். கடைசிப் பக்கத்தில் அந்தப் பாசித் தூளின் விலையைப் போட்டிருக்கிறார். விற்பது குற்றமல்ல. விற்பதற்காக அறிவியலை முறுக்கியதுதான் குற்றம்.

நம் ஊர் விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள் என்பது அவருடைய முதல் ஆயுதம். 1950 முதல் செலுவாம்பா மாளிகையில் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் பாசிகளைப் பற்றிப் பல்லாண்டு உழைத்தது உண்மை. ஆனால் அந்த உழைப்பில் பெரும்பங்கு ஸ்பைருலினாவுக்குப் போனது. அது சிவப்புப் பாசியே அல்ல, பாக்டீரியா இனத்தைச் சேர்ந்த நீலப்பச்சைப் பாசி, அதன் நிறமி ஃபைகோசயனின் என்ற நீலம். சிவப்புப் பாசிக்குச் சிவப்பைத் தருவதோ ஃபைகோஎரித்ரின். பக்கத்து வீட்டுப் பத்திரத்தைக் காட்டித் தன் வீட்டுக்குக் கடன் கேட்பவரை எந்த வங்கி உள்ளே விடும்? போகட்டும், இரண்டும் ஒரே குடும்பம் என்று அவருக்காக ஒப்புக்கொண்டாலும், அவர் கூப்பிட்ட சாட்சி அவருக்கு எதிராகவே பேசுகிறது: ஸ்பைருலினாவை உலர்த்தும்போதே நிறமியில் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது, பிரித்தெடுத்த நிறமியும் 40 பாகை செல்சியசைத் தாண்டினால் நிலைப்பதில்லை என்று அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1999-இல் எழுதினார்கள். இவரோ தூளைக் கொதிக்கும் பாலில் கலக்கிக் குடிக்கச் சொல்கிறார்! சிவப்பு நிறமி மட்டும் கொதிநிலையைத் தாங்குமா? ஜப்பானியர் நோரிப் பாசியை அனலில் வாட்டினால் அது பச்சையாகிறதே, அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? மேலே இருந்த சிவப்புப் புரதம் சிதைந்து, அடியில் மறைந்திருந்த பச்சையம் தெரிகிறது. புரதத்தின் பெயரால் விற்று, அந்தப் புரதத்தையே அடுப்பில் கொல்லச் சொல்பவர், தான் எழுதியதைத் தானே படித்தாரா?

பித்தத்துக்கு வருகிறேன். இந்தப் புரதங்களில் நிறம் தரும் மூலக்கூறுக்குப் பிலின் என்று பெயர். பித்தநீரிலுள்ள பிலிரூபினைப் போலவே நான்கு வளையங்கள் சங்கிலியாக விரிந்த கட்டமைப்பு. வேதியியலார் உருவ ஒற்றுமைக்காக வைத்த பெயர் அது. அதைப் பிடித்துக்கொண்டு சித்த மருத்துவத்தின் பித்தத்துக்குத் தாவுகிறார். வாதம், கபம் என்பவற்றோடு சேர்த்து உடலின் முழு இயக்கத்தையும் விளக்கச் சித்தர்கள் கையாண்ட கருத்தை ஒரு சுரப்பு நீராகச் சுருக்கியதில், வேதியியல், சித்த மருத்துவம் இரண்டையும் ஒரே வரியில் அவமதித்திருக்கிறார்.

ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றல் என்ற பெரிய சொல்லின் பின்னால் இருப்பது என்ன? பல ஆய்வுகளில் அது சோதனைக்குழாயிலுள்ள செயற்கையான ஊதா நிறக் கரைசல் எவ்வளவு வெளுக்கிறது என்ற அளவுதான். நாம் காலையில் குடிக்கும் காபியும் அந்த ஊதாவை வெளுக்கும். அதற்காகக் காபி புற்றுநோய் மருந்தாகிவிடுமா? குழாயில் வேலை செய்தது முழுப் புரதம். வயிற்றுக்குள் போனால் பருப்பின் புரதத்துக்கு நேர்வதே இதற்கும் நேரும்: பெப்சின் வெட்டும். வெட்டுண்ட துண்டுகளும் பயன் தரலாமே என்று கேட்டால், தரலாம், மறுக்கவில்லை. எலிகளில் சில நல்ல அறிகுறிகளும் தெரிந்திருக்கின்றன. அப்படியானால் அந்தத் துண்டுகளை மனிதர்களிடம், தக்க அளவில், ஒப்பீட்டுக் குழுவோடு சோதித்த பிறகல்லவா ‘தீர்க்கும்’ என்று எழுத வேண்டும்? எலிக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு வினைமுற்றால் கடப்பவருக்கு ஆய்வு என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்தும் எழுதினார் என்றால் அது இன்னும் மோசம்.

ஃபைகோஎரித்ரினுக்குப் பெருமை இல்லையா? இருக்கிறது, அவர் தொடாத இடத்தில். வெர்னன் ஓய், அலெக்சாண்டர் கிளேசர், லூபர்ட் ஸ்ட்ரையர் மூவரும் 1982-இல் இதன் ஒளிர்வை உயிரணுக்களை அடையாளம் காணும் குறியாக்கிக் காட்டினார்கள். எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் ரத்தத்தில் சி.டி.4 அணுக்களை எண்ண உதவியது இந்த ஒளிர்வு. விழுங்காமலேயே எத்தனையோ உயிர்களுக்கு உதவிய பொருளை லேகியமாக்குவதுதான் அதற்கு மரியாதையா?

கடைசியில் ராமநாதபுரத்துப் பெண்களை வாழவைக்கிறாராம். 1986-இல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் அந்தப் பெண்களின் சரக்கு அகர் ஆலைகளுக்குப் போகிறது. அகருக்காக அதை வெயிலில் காயவைத்து நிறத்தைப் போக்குகிறார்கள். இவர் போற்றும் சிவப்பு, முதலில் கழிக்கப்படுவது. அவர்களுக்குக் கொள்முதல் விலை என்ன தருகிறார் என்று ஒரு வரிகூட அறிக்கையில் இல்லை.

இந்தத் தூளை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்கள் அக்ரஹாரத்தில் இருந்தால், இன்றே மருத்துவரைப் பாருங்கள்.