மொழி பாடமா, மூச்சா? அயர்லாந்தின் எண்டா பள்ளி கூறும் விடை

ஒரு மொழியை அழிக்கப் படை வேண்டுவதில்லை, பள்ளி போதும். அழிந்துவரும் மொழியை மீட்பதற்கும் முதலில் வேண்டுவது பள்ளியே. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே மெய்ப்பித்துக் காட்டிய நாடு அயர்லாந்து. அங்கே கத்தோலிக்கச் சிறுவர்க்கென 1908ஆம் ஆண்டு தோன்றி, 1935ஆம் ஆண்டு மூடப்பட்ட தூய எண்டா பள்ளியின் வரலாறு, மொழிப்பற்றுடையார் ஒவ்வொருவரும் படித்துத் தம் நெஞ்சைத் தாமே வினவிக்கொள்ள வேண்டிய வரலாறாகும்.

1831ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சி அயர்லாந்தில் 'நாட்டுப் பள்ளிகள்' என்னும் பெயரால் தொடக்கக் கல்வி முறையைப் புகுத்தியது. பெயரில்தான் நாடு இருந்தது. நாட்டின் மொழிக்கு அங்கே இடமில்லை. வீட்டில் ஐரிசு மொழியன்றி வேறொன்றும் கேட்டறியாத குழந்தைக்கும் முதல் நாள் தொட்டே ஆங்கிலத்தில் பாடம். பல ஊர்களில் குழந்தையின் கழுத்தில் ஒரு கோல் தொங்கவிடப்பட்டது. தாய்மொழியில் பேசிய ஒவ்வொரு முறைக்கும் அதில் ஒரு வெட்டு. வெட்டுகளை எண்ணி அடி. அக்கொடுமைக்குப் பெற்றோரே துணைநின்றனர் என்பதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி. கத்தோலிக்கர்க்கு உரிமை பெற்றுத் தந்த பெருந்தலைவர் தானியேல் ஓ கானல், ஐரிசு மொழி பேசி வளர்ந்தவர். அவரே பிழைப்புக்கு ஆங்கிலம் போதும் என்றார். பின்னர் 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சம் அம்மொழி பேசிய ஏழைகளையே மிகுதியாகக் கொன்றது, எஞ்சியோரைக் கப்பலேற்றியது. 1851-இல் 15 இலக்கத்திற்கும் மேலாக இருந்த ஐரிசு மொழியறிந்தோர் தொகை 1911-இல் 6 இலக்கத்திற்கும் கீழே இறங்கிற்று.

இக்காலத்தில் கத்தோலிக்கப் பள்ளிகள் என்ன செய்தன? கத்தோலிக்கர்க்குப் பள்ளி நடத்தும் உரிமையே நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. வேலியோரத்தில் மறைந்து நின்று பாடம் கேட்ட மக்கள் அவர்கள். கட்டுகள் தளர்ந்ததும் பள்ளிகள் எழுந்தன. 1802-இல் எட்மண்டு ரைசு என்னும் வணிகர் வாட்டர்போர்டு நகரில் ஏழைச் சிறுவர்க்குக் கல்வி தரத் தொடங்கினார்; அதனின்று கிறித்தவ உடன்பிறப்பாளர் அமைப்பு வளர்ந்தது. 1814-இல் இயேசு சபையார் செல்வர் வீட்டுப் பிள்ளைகட்குக் கிளாங்கோசு வுட்டில் விடுதிக் கல்லூரி கண்டனர். 1860-இல் பிளாக்ராக்கில் மற்றொன்று எழுந்தது. சமயத்தைக் காக்க எழுந்த பள்ளிகள் மொழியைக் காவாது விட்டன. 1878ஆம் ஆண்டின் இடைநிலைக் கல்விச் சட்டம் தேர்வு முடிவைப் பார்த்துப் பள்ளிகட்குப் பணம் தந்தது. அத்தேர்வில் ஐரிசு மொழிக்குக் 'கெல்டிய மொழி' என்னும் பெயரும், இலத்தீன் கிரேக்கத்தினும் குறைந்த மதிப்பெண்ணுமே வாய்த்தன. மதிப்பெண் எங்கே மிகுதியோ அங்கே பணம். பணம் எங்கேயோ அங்கே பள்ளி!

எனினும் உண்மையை மறைத்தல் அறமன்று. பிறர் புறக்கணித்த அம்மொழியைப் பாடமாகவேனும் கற்பிப்பதில் முன்னின்றோர் கிறித்தவ உடன்பிறப்பாளரே. டப்ளினில் அவர்கள் நடத்திய ஒரு பள்ளியில்தான் பாட்ரிக் பியர்சு ஐரிசு மொழியைக் கற்றார். அவர் தந்தை இங்கிலாந்திலிருந்து வந்த கற்சிற்பி. வீட்டு மொழி ஆங்கிலம். மொழிப்பற்று குருதியால் வருவதன்று, உணர்வால் வருவது என்பதற்கு அவர் வாழ்வே சான்று. 1893-இல் தோன்றிய கேலிக் கழகத்தில் இளமையிலேயே சேர்ந்தார். 1903 முதல் அக்கழகத்தின் 'ஒளி வாள்' இதழை நடத்தினார். 1905-இல் பெல்சியம் சென்று, பிளெமிசும் பிரெஞ்சும் அங்குள்ள பள்ளிகளில் கற்பிக்கப்படும் முறையை நேரில் ஆராய்ந்தார். எழுத்தால் மட்டும் ஆவதில்லை, செய்து காட்டவேண்டும் எனத் துணிந்தார்.

1908 செப்டம்பர் 8ஆம் நாள், டப்ளினின் ரானலா பகுதியில் கல்லன்சுவுடு இல்லத்தில் எண்டா பள்ளி திறக்கப்பட்டது. போர்மறத்தைத் துறந்து ஆரான் தீவில் துறவு பூண்ட தூயவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆயர் நடத்திய பள்ளியன்று அது, துறவியர் நடத்தியதுமன்று, பொதுநிலையினர் தம் கைப்பொருளாலும் கடனாலும் நடத்திய கத்தோலிக்கப் பள்ளி. அங்கே ஐரிசு மொழி கால அட்டவணையில் ஒரு மணி நேரமாக இல்லை. உணவறையிலும் விளையாட்டிடத்திலும் வழிபாட்டிலும் வாழ்ந்தது. பிற பாடங்கள் இருமொழியிலும் கற்பிக்கப்பட்டன. கூ குலின் என்னும் பழம்பெரு மறவன் இளமையில் படைக்கலம் ஏற்கும் ஓவியம் சுவரில் மாணவரை வரவேற்றது. மாணவர் தம் தலைவனைத் தாமே தேர்ந்தெடுத்தனர், தோட்டம் உழைத்தனர், நாட்டு விளையாட்டுகளை ஆடினர். 1911-இல் டப்ளினின் ஆபி அரங்கில் இயேசுவின் பாடுகளை ஐரிசு மொழியில் நாடகமாக நடித்தனர். சமயமும் மொழியும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதைச் சிறுவர்கள் மேடையில் நின்று மெய்ப்பித்தனர்.

சிறுவர்கள் கண்ட உண்மையைப் பெரியோர் காணவில்லை. 1909-இல், புதிய நாட்டுப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் ஐரிசு மொழி கட்டாயமாக வேண்டும் என மக்கள் கிளர்ந்தபோது, ஆயர்களின் நிலைக்குழு அதற்கு எதிராகக் கருத்துரைத்தது. கட்டாயம் வேண்டும் என்று போராடிய அருட்தந்தை மைக்கேல் ஓ இக்கி, மேனூத்துக் கல்லூரியின் ஐரிசு மொழிப் பேராசிரியர் பதவியினின்று அவ்வாண்டே நீக்கப்பட்டார். ஆனால் மக்கள் பின்வாங்கவில்லை. மாவட்ட மன்றங்கள் மக்கள் பக்கம் நின்றன. 1910-இல் பல்கலைக்கழகம் இணங்கியது. 1913 முதல் ஐரிசு மொழி அத்தேர்வில் கட்டாயமாயிற்று. மக்கள் உறுதியாக நின்றால் மாளிகைகள் வளையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆனால் அதே மக்கள் எண்டா பள்ளிக்கு என்ன செய்தனர்? 1910-இல் பள்ளி நகர்ப்புறத்தே ராத்பார்னத்தில், தோப்பும் ஓடையும் சூழ்ந்த பெரிய மாளிகைக்கு மாறியது. பழைய இல்லத்தில் பெண் குழந்தைகட்கு ஈட்டா பள்ளி தொடங்கப்பட்டது. 1912-இல் அது மூடப்பட்டது. தொலைவு கூடியதால் நாளும் வந்து செல்லும் மாணவர் குறைந்தனர்; கடன் ஏறிற்று. கேலிக் கழகத்தின் கூட்டங்களில் கைதட்டிய கூட்டம் பெரிது. தம் மகனை அப்பள்ளிக்கு விடுத்தோர் கூட்டம் சிறிது. வேலைக்கு வழிகாட்டும் ஆங்கிலக் கல்லூரிகளையே வசதியுள்ளோர் நாடினர். 1914-இல் பியர்சு அமெரிக்கா சென்று, கடல் கடந்து வாழ்ந்த தம் மக்களிடம் பள்ளிக்காகக் கையேந்த நேர்ந்தது. ஆங்கிலக் கல்வி முறையைக் 'கொலைப்பொறி' எனப் பெயரிட்டு 1916-இல் அவர் வெளியிட்ட சிறுநூல், அப்பொறிக்குப் பிள்ளைகளைத் தாமே கொண்டுபோய் ஊட்டிய பெற்றோரையும் சுடுவதன்றோ?

1916 ஏப்பிரல் 24ஆம் நாள் அயர்லாந்துக் குடியரசு பறைசாற்றப்பட்டது. அறிக்கையைப் படித்தவர் பியர்சே. எழுச்சி அடக்கப்பட்டது. மே 3ஆம் நாள் பியர்சும், அப்பள்ளியில் ஆசிரியராயிருந்த தாமசு மெக்டோனாவும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாள், ஓவியம் கற்பித்த தம்பி வில்லியம். மே 8ஆம் நாள், உடற்பயிற்சி தந்த கான் கோல்பெர்ட்டு. ஒரே பள்ளியில் பாடம் சொன்ன நால்வர் ஆறு நாட்களுக்குள் குண்டுக்கு இரையாயினர்! இரு மகன்களையும் இழந்த தாய் மார்கரெட்டு பள்ளியை மீண்டும் திறந்தார். அமெரிக்க வாழ் ஐரிசு மக்களின் பொருளுதவியால் அது சில ஆண்டுகள் உயிர்த்திருந்தது.

1922-இல் தம் ஆட்சி வந்தது. ஐரிசு மொழி எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாயிற்று. அம்மொழிக்காக உயிரீந்தார் பள்ளியோ, அவ்வாட்சியிலேயே, 1935-இல் மூடப்பட்டது. இரண்டாண்டு கழித்து, 1937ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஐரிசு மொழியை நாட்டு மொழியாகவும் முதல் ஆட்சிமொழியாகவும் அறிவித்தது! பள்ளி நடந்த மாளிகை 1979-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. உயிர்மொழிக்கென எழுந்த கூடம், காட்சிப்பொருள் வைக்கும் கூடமாயிற்று.

கட்டாயப் பாடத்தின் விளைவு யாது? 2022ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிசு மொழி பேச அறிவோம் என்றோர் 18,73,997 பேர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதைப் பேசுவோரோ 71,968 பேரே! முன்னது தேர்வுக்குப் படித்தோர் தொகை. பின்னது மொழியில் வாழ்வோர் தொகை. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள பெரும்பள்ளமே எண்டா பள்ளியைக் கைவிட்டதன் விலை. எண்டா பள்ளியின் வழியை, 1970கள் தொட்டுப் பெற்றோரே முயன்று எழுப்பிய ஐரிசு வழிப் பள்ளிகள் மீண்டும் மேற்கொண்டிருப்பதே இன்றுள்ள நம்பிக்கை.

தாய்மொழிக் கல்வி என்றவுடன் ஆங்கிலத்தை வெறுப்பதா என்று கேட்போர் உளர். பியர்சு ஆங்கிலத்தை விலக்கவில்லை. எண்டா பள்ளியில் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டது. அவர் விலக்கியது, அயல்மொழியை வீட்டுத்தலைவியாக்கித் தாயை வேலைக்காரியாக்கும் இழிவை. அயர்லாந்தில் ஆயர்கள் எதிர்த்தும் மொழி வென்றது. சுடுபடை கொன்றும் பள்ளி எழுந்தது. அப்பள்ளி மூச்சடங்கியது, மகனை அனுப்பாத தந்தையராலேயே. மேடையில் தமிழ் வாழ்க என முழங்கிவிட்டு, மறுநாட் காலை தம் பிள்ளையை ஆங்கில வழிப் பள்ளியின் வாயிலில் விட்டுத் திரும்பும் தமிழர், எண்டா பள்ளியின் மூடிய கதவை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக. மொழிக்குச் சட்டம் வேலியாகலாம், பயிராகாது. பயிர் பள்ளியில் விளைவது. அதற்கு விதை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரவேண்டும்.