புல்லுக்கு நிலம் கேட்போம், மழைக்கு முன்னே கேட்போம்



வைகாசி நெருங்கிவிட்டது. குருகங்கை பொங்கினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2003 மே, 2017 மே இரண்டையும் நம்ம இரத்தினபுரி மாவட்டம் மறக்காது. அந்த வெள்ளங்களில் மனிதரை எண்ணினார்கள், எண்ணத்தான் வேண்டும். பட்டியில் கட்டிக் கிடந்த மாட்டை யார் எண்ணினார்கள்? பதிவில்லாத மாடு செத்தால், கடதாசியில் அது பிறக்கவேயில்லை.

காலம் மாறிப்போச்சு என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேசிக்கொள்கிறோம். மாடு அதை நமக்கு முன்பே சொல்லிவிட்டது. நாம் வளர்க்கும் ஜேர்சி, பிரீசியன் கலப்பு மாடுகள் குளிர் நாட்டு வம்சம். சூடு 25 பாகையைத் தாண்டினாலே அவற்றுக்குச் சிரமம்தான். நம்ம ஊர் ஈரக்காற்றும் சேர்ந்தால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லை. நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கும், தீனி எடுக்காது, பால் வற்றும், சினை பிடிக்காது. அடுத்த மாதமே மழை கொட்டினால் பட்டி சேறாகிக் குளம்பு அழுகும், மடி வீங்கும். வெயிலும் மழையும் முறை தவறி வரும்போது நட்டம் முதலில் விழுவது பால் காசில்.

பால் காசு என்றால் சும்மாவா? தோட்டத் தொழிலாளர் நாம் 1,000 ரூபாய் நாள் சம்பளத்துக்காக 2015 முதல் குரல் கொடுத்தோம். கைக்கு வந்தது 2021இல். அந்த ஆறு வருடமும் பல லயன்களில் பிள்ளைகளின் கொப்பியும் சப்பாத்தும் மாட்டு மடியிலிருந்துதான் வந்தன.

புல்லுக்குப் பஞ்சம் நமக்கு மட்டுமில்லை, நம்ம மாவட்டத்தின் தெற்கு எல்லையைப் பாருங்கள். நம்ம தோட்டப் பக்கம் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. எம்பிலிபிட்டிய, உடவளவைப் பக்கம் அதில் பாதிகூட இருக்காது. வறண்ட பூமி, நீர்த்தேக்கத்தை நம்பிய பூமி. தண்ணீர் இறங்க இறங்கக் கரையில் முளைக்கும் புல்லில்தான் எருமையும் மாடும் மேயும், அந்தப் பாலில்தான் சட்டித் தயிர் உறையும். 2016-17 போல வறட்சி நீண்டால் அந்தக் கரையும் காய்ந்து வெடிக்கும். எதிர்பாராத மழையில் நீர்மட்டம் உயர்ந்தே நின்றால் புல் தண்ணீருக்கடியில். மற்றப் பக்கம் போகலாமென்றால் 1972இல் தேசியப் பூங்காவாக்கிய காடு. உள்ளே மாடு ஓட்டினால் வழக்கு. அங்கே மாடு மேய்க்கும் சிங்கள மேய்ப்பர்களை நான் குறை சொல்ல மாட்டேன். யானைக்கும் புல் வேண்டும், உண்மைதான். ஆனால் மாட்டுக்கு என்று ஒரு மேய்ச்சல் நிலத்தை அளந்து கொடுக்காமல் வேலியை மட்டும் போட்டால் அந்த மனிதர் எங்கே போவார்?

அவர்களுக்கு வேலி, நமக்குக் களைகொல்லி மருந்து. 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திறந்துவிட்டார்கள். நாம் புல்லறுக்கும் மலை எது? அதே தேயிலை, அதே இறப்பர்! கேகாலைப் பக்கம் இறப்பரைப் பிடுங்கி முள்ளுத்தேங்காய் வைத்த தோட்டங்களும் உண்டு. புல் குறைவதற்கு வானம் மட்டும் காரணமில்லை, தோழர்களே. வானத்தோடு சண்டை போட முடியாது. தோட்டக் கொம்பனியோடு பேசலாம், பேசித்தான் ஆகவேண்டும்.

2021இல் இரசாயன உரத்தைத் தடுத்தபோது நம்ம சாணிக்கு வந்த மரியாதை ஞாபகமிருக்கிறதா? அடுத்த வருடம் பால்மாப் பக்கற்றுக்கு நாடே வரிசையில் நின்றது. அப்போது தேவைப்பட்ட மாட்டுக்கு இப்போது ஒரு துண்டு நிலம் கொடுக்க எவருக்கும் மனமில்லை.

நாம் கேட்பது பெரிதல்ல. பயிர் செய்யாமல் காடேறிக் கிடக்கும் தோட்ட நிலத்தில், டிவிசனுக்கு ஒரு புல் நிலம். கினிப்புல்லையும் சீஓ-3 புல்லையும் நாமே நடுவோம், கூலி கேட்க மாட்டோம். லயனைச் சுற்றியும் ஓடைக்கரையிலும் மருந்து அடிக்கக்கூடாது, அடிக்கும் மற்ற மலைகளை வேலை பிரிக்கும் பிரட்டில் முந்தின நாளே சொல்லவேண்டும். வெள்ளம் ஏறாத, மண் சரியாத மேட்டில் பொதுப் பட்டி வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகும் இதை ஆடம்பரம் என்று எந்தத் தோட்டத் தொரை சொல்வார்? கால்நடை வைத்திய அதிகாரி மாதம் ஒருமுறை தோட்டத்துக்குள் வரவேண்டும்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. கொம்பனி நிலத்தில் பட்டி இருப்பதால் மாட்டைப் பதியப் பயந்து ஒளிக்கிறோம். பயந்தது போதும். தனியாகப் போனால் விரட்டுவார்கள், டிவிசனே திரண்டு போனால் நாற்காலி போடுவார்கள். முக்கியமாக அக்காமார் முன்னால் வரவேண்டும். கொழுந்து பறித்துவிட்டு, இருட்டும் நேரத்தில் புல்லுக்கட்டைத் தலையில் சுமப்பது நீங்கள்தானே? பேச்சுவார்த்தைக்கு மட்டும் ஆம்பிளைகள் போவது என்ன நியாயம்?

வருகிற ஞாயிறு காலை பத்து மணி, கோயில் முற்றம். மாடு வைத்திருப்பவர், இல்லாதவர் எல்லோரும் வாருங்கள். எத்தனை மாடு, எத்தனை கன்று, கடைசி மழையில் எது செத்தது, புல் எந்த மலையிலிருந்து வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். எழுத வராதவருக்குப் பிள்ளைகள் எழுதிக்கொடுக்கட்டும். திங்கள் பிரட்டுக்கு முன் அந்தப் பட்டியல் தொரையின் மேசையில் இருக்கவேண்டும், பிரதி பிரதேச செயலகத்துக்கு.