குதிரை ஏற ஆசைப்படும் பிள்ளைக்கு முதலில் கையில் தருவது பிரஷ்!

சிதம்பரத்துக்கும் குதிரைக்கும் பழைய உறவு. பாண்டிய மன்னனுக்காகக் குதிரை வாங்கக் கிளம்பிய மாணிக்கவாசகர், பணத்தைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்து, நரி பரியான கதையெல்லாம் முடிந்தபின் வந்து கலந்தது தில்லையில்தான். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட பழைய தென்னாற்காடு மாவட்டத்தில்தான் செஞ்சியும் இருந்தது. யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கிய தேசிங்கு ராஜன் கதை அங்கே இன்னும் பாட்டாக வாழ்கிறது.

ஆனால், இதே ஊர்களில் எட்டாவது படிக்கும் ஒரு பெண், 'அம்மா, நான் குதிரை ஓட்டக் கத்துக்கணும்' என்று கேட்டால், வீட்டில் வரும் முதல் பதில், 'அதெல்லாம் பணக்காரங்க விளையாட்டு!'

பாதி உண்மைதான். சொந்தக் குதிரை என்றால் தீவனம், லாடம், லாயம், டாக்டர் என்று மாதாமாதம் செலவு இழுக்கும். ஆனால், கற்றுக்கொள்ள சொந்தக் குதிரை தேவையில்லை. பயிற்சிப் பள்ளியின் குதிரையில், வகுப்புக்கு மட்டும் கட்டணம் கட்டிப் பழகலாம். 1929-ல் பிரிட்டனில் தொடங்கிய 'போனி கிளப்' அமைப்பில்கூட இன்று சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகள் சேரலாம். கடலூர், சிதம்பரம் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில், ஆரோவில்லில் 'ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல்' இருக்கிறது. அங்கே போட்டிகளும் நடக்கின்றன.

கடற்கரையில் குதிரைமேல் உட்காரவைத்து, செல்போனில் படம் எடுத்து இறக்கிவிடுவார்களே, அதுவும் இதுவும் வேறு. நல்ல பள்ளியில் சேர்ந்த பிள்ளையின் கையில் முதலில் கடிவாளம் வராது, பிரஷ்தான் வரும். உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். குளம்பில் சிக்கிய கல்லையும் மண்ணையும் கிளறி எடுக்க வேண்டும். குதிரைக்கு நேர் பின்னால் நடப்பது தெரியாது. அதனால் குரல் கொடுத்தபடி பக்கவாட்டில் நெருங்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் தீனியில் நடக்கும் சின்னத் தவறு வயிற்றுவலியாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். 'சவாரி பண்ண வந்தா சாணி அள்ளச் சொல்றாங்க' என்று முதல் வாரமே நின்றுவிடும் பிள்ளைகளும் உண்டு. நிற்காதவர்களுக்குத்தான் இந்த விளையாட்டு.

பிறகு சேணம். பயிற்சியாளர் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிட, பிள்ளை மேலே உட்கார்ந்து உடம்பின் சமநிலையைப் பழகும். நடை என்பது நான்கு தட்டு. 'டிராட்' ஓட்டம் இரண்டு தட்டு. 'கேன்டர்' மூன்று தட்டு. பரதம் கற்ற பிள்ளைக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடலாம்!

அடித்தளம் அமைந்தபின் பிரிவுகள். தடைகளைத் தாண்டுவது ஷோ ஜம்பிங். பாய்ந்து வந்து, தரையில் ஊன்றிய முளையை ஈட்டியால் குத்தி எடுப்பது டென்ட் பெக்கிங். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன சைகைகளால் குதிரையை நடக்க, திரும்ப, பக்கவாட்டில் நகரவைப்பது டிரஸாஜ். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும், ஆனால் கஷ்டமான பிரிவு. 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குக் குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் கிடைத்தது இதில்தான். நால்வர் அணியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என இரண்டு பேர் பெண்கள். ஒலிம்பிக் குதிரையேற்றத்திலும் ஆண்களும் பெண்களும் ஒரே போட்டியில்தான் மோதுகிறார்கள். டிரஸாஜ், கிராஸ் கன்ட்ரி, ஜம்பிங் மூன்றும் சேர்ந்த ஈவென்டிங்கில், பெங்களூரு ஃபவாத் மிர்ஸா டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-வது இடம் பிடித்தார். அவருடைய அப்பா குதிரை மருத்துவர்.

செலவு குறைந்த இன்னொரு வழி, என்.சி.சி. அதில் 'ரிமவுன்ட் அண்ட் வெட்னரி' என்ற குதிரைப் பிரிவு இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது. 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இந்தப் பிரிவு உண்டு. பிளஸ் டூ பயாலஜி எடுத்து, கால்நடை மருத்துவத்தையும் மனதில் வைத்திருக்கும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம்.

சேர்க்குமுன் பெற்றோர் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. தாடைப் பட்டையுடன் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட் எல்லாப் பிள்ளைக்கும் தருகிறார்களா? டென்னிஸ் ஷூவுக்கு பதில் குதிகால் வைத்த ஷூ கேட்கிறார்களா? அங்கவடியில் கால் சிக்காமல் காப்பது அந்தக் குதிகால்தான். குதிரையின் முதுகில் சேணம் உரசிய புண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், பேசாமல் திரும்பி வந்துவிடலாம்.

வெயில் ஏறுமுன் பயிற்சியை முடிப்பது நம் ஊர் வழக்கம். கடலூர்க்காரர்கள் விடியற்காலை கிளம்பினால் போதும். சிதம்பரத்துப் பிள்ளைகளுக்குத்தான் சிரமம். புதுச்சேரியில் ஒரு சித்தியோ மாமாவோ இருந்தால் முந்தின நாளே போய்த் தங்கிவிடலாம்.