பக்கத்துப் பண்ணைப் பாலுக்கு மாறலாமா? காய்ச்சினால் போவதும், காய்ச்சினாலும் போகாததும்

பெங்களூரு, புனே, குருகிராம் என எந்த ஊரில் இருந்தாலும் சரி, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜை நீங்கள் பார்த்திருப்பீர்கள். “ஊருக்கு வெளிய ஒரு பண்ணை இருக்கு. நாட்டு மாடு. விடியற்காலையில கறந்த பால், கண்ணாடி பாட்டில்ல வீட்டுக்கே வந்துடும். கெமிக்கல் கிடையாது, பவுடர் கிடையாது. யார் யாருக்கு வேணும்?” விலை பாக்கெட் பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனாலும் பத்து பேர் உடனே கை தூக்கிவிடுவார்கள். அதில் பாதிப் பேர் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும்.

இந்த ஆசையைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. பாக்கெட் பால் மீது மக்களுக்கு இருக்கும் சந்தேகம் ஒரே நாளில் வந்ததல்ல. 2011இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ) 1,791 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 68 சதவீதம் தர அளவுகோலுக்குப் பொருந்தவில்லை என்று செய்தி வந்தது. ‘68 சதவீதப் பால் கலப்படம்’ என்று அது ஊரெல்லாம் பரவியது. உண்மையில் அதில் பெரும்பகுதி தண்ணீர் கலந்ததும், கொழுப்பும் மற்ற திடப்பொருளும் குறைவாக இருந்ததும்தான். தண்ணீர் கலப்பது ஏமாற்று வேலை, சந்தேகமில்லை. ஆனால் அதுவும் விஷமும் ஒன்றல்ல. பிறகு, ‘பால் கலப்படம் தொடர்ந்தால் 2025இல் 87 சதவீத இந்தியர்களுக்குப் புற்றுநோய் வரும், உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை’ என்று ஒரு ஃபார்வர்டு பல வருடம் சுற்றியது. அப்படி ஓர் எச்சரிக்கையை அந்த நிறுவனம் விடவே இல்லை என்று மத்திய அரசு விளக்கம் கொடுத்தது. 2025ஆம் வருடம் வந்து போனபிறகும் அந்த ஃபார்வர்டு இன்னும் சாகவில்லை.

சரி, இப்போதைய நிலை என்ன? 2018இல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ நாடு முழுக்க 1,103 நகரங்கள், ஊர்களில் 6,432 மாதிரிகளை எடுத்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. 93 சதவீதப் பால் பாதுகாப்பானது. கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டவை 12 மட்டுமே. ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒரு விஷயம் அதில் வெளிவந்தது. 368 மாதிரிகளில், அதாவது 5.7 சதவீதத்தில், அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு அனுமதித்த அளவைத் தாண்டி இருந்தது. அந்தப் பட்டியலில் முன்னால் நின்றவை தமிழ்நாடு, டெல்லி, கேரளா. இந்த நச்சுக்குக் கொஞ்சம் கழித்துத் திரும்பி வருவோம், ஏனென்றால் பண்ணைப் பால் விஷயத்தில் முக்கியமான கேள்வியே அதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘ரா மில்க்’ என்று இன்ஸ்டாகிராமில் ஓடும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே ரா மில்க் என்றால் கறந்ததை அப்படியே டம்ளரில் ஊற்றிக் குடிப்பது. மாநிலம் விட்டு மாநிலம் அதை விற்க 1987 முதல் அங்கே தடை இருக்கிறது. அதனால் அதைக் குடிப்பது அங்கே பலருக்கு ஒரு கொள்கை, அரசாங்கத்தை எதிர்க்கும் அடையாளம்கூட. நம்ம ஊர் கதை வேறு. பாஸ்டரைஸ் செய்யாத பாலை விற்க இந்தியாவில் தடை கிடையாது. பால்காரர் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஆனால் வாங்கிய பாலை அடுப்பில் ஏற்றிப் பொங்கவிடாமல் யாரும் குடித்ததில்லை. புது வீட்டுக்குக் குடிபோனால் முதல் வேலையே பால் காய்ச்சுவது என்ற பழக்கம் உள்ள ஊர் இது. காய்ச்சாத பாலுக்குத் தமிழில் ‘பச்சைப் பால்’ என்றே பெயர். பச்சைக் காய்கறி மாதிரி, இன்னும் சமைக்கப்படாத பொருள்.

ஆக, பால்காரரிடம் வாங்கிக் காய்ச்சிக் குடிப்பது புதிய விஷயமே இல்லை. புதிதாக வந்திருப்பது, சில விற்பனையாளர்களும் ‘வெல்னஸ்’ பக்கங்களும் சொல்லும் இன்னொரு வரி: “காய்ச்சாதீங்க, காய்ச்சினா சத்து போயிடும்.” ஆபத்து இருப்பது இந்த வரியில்தான்.

சத்து எவ்வளவு போகிறது? புரதமும் கால்சியமும் குறைவதில்லை. பி வைட்டமின்களில் கொஞ்சமும், வைட்டமின் சியில் கொஞ்சமும் குறையும். வைட்டமின் சிக்காக யாரும் பால் குடிப்பதில்லை, அதற்கு ஒரு நெல்லிக்காய் போதும். இதற்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

புருசெல்லோசிஸ் என்று ஒரு நோய். நம் கால்நடை மருத்துவர்கள் இதைக் ‘கன்று வீச்சு நோய்’ என்பார்கள். சினை மாடு மாதம் முதிர்ந்த நிலையில் கன்றை வீசிவிடும். பிறகு மாடு பார்க்க நன்றாகவே இருக்கும், தீவனம் தின்னும், பாலும் கறக்கும். அந்தப் பாலில் கிருமி வந்துகொண்டே இருக்கும். மனிதருக்கு வந்தால் காய்ச்சல் விட்டு விட்டு வரும், வியர்த்துக் கொட்டும், மூட்டு வலிக்கும். நம்மூரில் காய்ச்சலுக்குக் காரணம் ஆயிரம் என்பதால் டைஃபாய்டா, டிபியா என்று வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். கண்டுபிடித்த பிறகும் இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகளை ஆறு வாரம் சேர்த்துச் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கரு கலையும் அபாயமும் உண்டு. இந்த நோயையும் கோமாரியையும் ஒழிக்கத்தான் 2019 செப்டம்பரில் மத்திய அரசு மதுராவில் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 4 முதல் 8 மாத வயதுள்ள பெண் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுவது அதில் ஒரு பகுதி. நோய் நம் மாடுகளிடம் பரவலாக இருப்பதால்தானே திட்டம்.

மாட்டு டிபியும் இருக்கிறது. இந்தியாவில் வெளியான பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த ஒரு கணக்கு, நம் மாடுகளில் சுமார் 7.3 சதவீதத்துக்கு அது இருக்கலாம் என்றது. பல மேலைநாடுகள் நோய் கண்ட மாட்டைக் கொன்று மந்தையைச் சுத்தப்படுத்தின. இங்கே அப்படி ஒரு திட்டம் இல்லை, வருவதும் கஷ்டம். இவை போக ஈ.கோலை, சால்மோனெல்லா, லிஸ்டீரியா. ஈ.கோலையில் ஒரு வகை சின்னக் குழந்தைகளின் சிறுநீரகத்தையே பாதிக்கும். 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவியபோது வைரஸ் பச்சைப் பாலிலேயே அதிகமாக இருந்தது. அந்தப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன.

இத்தனைக்கும் மருந்து உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. பால் பண்ணைகளில் பாஸ்டரைஸ் செய்வது என்றால் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி. வீட்டில் பால் பொங்கி வருவதற்குள் அந்த வெப்பத்தைத் தாண்டிவிடும். நடுவில் கரண்டியால் ஒருமுறை கலக்கிவிட்டுப் பொங்கவிட்டால் போதும், அரை மணி நேரம் கொதிக்க வைத்துச் சுண்டவிட வேண்டியதில்லை. காய்ச்சாத பாலில் வீட்டில் எடுக்கும் வெண்ணெய், ஸ்மூத்தி, ஃப்ரெஷ் சீஸ் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பாலாகக் குடிக்காவிட்டாலும் கிருமி கிருமிதான்.

“எனக்குப் பாக்கெட் பால் ஒத்துக்கல, பச்சைப் பால் ஒத்துக்குது” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. ஆனால் பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை இரண்டிலும் ஒன்றுதான். 2014இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத 16 பேருக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சைப் பாலால் தொந்தரவு குறையவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் கேள்விக்கு நேரான ஆய்வு.

ஆஸ்துமா, அலர்ஜி பற்றிய வாதம் இதைவிட வலுவானது. அதை மறைப்பது நியாயமில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து கிராமங்களில் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011இல் வந்தது. பண்ணைப் பாலைக் காய்ச்சாமல் குடித்த குழந்தைகளிடம் ஆஸ்துமாவும் அலர்ஜியும் குறைவாக இருந்தன. ஆனால் அதே ஆய்வில், காய்ச்சிய பண்ணைப் பாலைக் குடித்தவர்களிடம் அந்தத் தொடர்பைக் காணோம். அதாவது நம் வீடுகளில் செய்வது போலக் காய்ச்சினால் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. காய்ச்சாமல் கொடுத்தால் மேலே சொன்ன நோய்களை விலைக்கு வாங்குகிறோம். ஆய்வு செய்தவர்களே கிருமி அபாயத்தைக் காரணம் காட்டி, குழந்தைகளுக்குப் பச்சைப் பாலைப் பரிந்துரைக்கவில்லை.

ஏ2 லேபிளுக்கு ஒரு பத்தி போதும். ஏ2 புரத வகை நம் நாட்டு மாடுகளின் பாலிலும் எருமைப் பாலிலும் பெரும்பாலும் இயல்பாகவே இருப்பது. 2024 ஆகஸ்ட் 21ஆம் தேதி ஏ1, ஏ2 என்ற விளம்பரங்களை நீக்கச் சொன்ன எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, 26ஆம் தேதியே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. லேபிள் இருப்பதால் பால் சோதிக்கப்பட்டது என்று அர்த்தமாகாது.

காய்ச்சினாலும் போகாதவை

இப்போது அந்தப் பூஞ்சை நச்சு. ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றை மாடு தின்றால் அஃப்ளாடாக்சின் பாலில் இறங்கும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது, பாஸ்டரைஸ் செய்தாலும் அழியாது. 2018 சர்வேயில் இது பதப்படுத்திய பாலில்தான் அதிகம் தென்பட்டது. பண்ணைப் பால்காரர்கள் இதைச் சொல்லிக் காட்டினால் அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் இன்னொரு கோணமும் இருக்கிறது. பெரிய டெய்ரியில் நூற்றுக்கணக்கான வீட்டு மாடுகளின் பால் கலக்கிறது. ஒருவர் வீட்டுத் தீவனம் கெட்டிருந்தால் அந்த நச்சு நீர்த்துப்போகும். பத்து மாடு உள்ள ஒரே பண்ணையில் வாங்கும்போது, அங்கே தீவன மூட்டை நனைந்தால் அந்த முழு மூட்டையின் பலனும் தினமும் உங்கள் குழந்தையின் டம்ளருக்கு வரும். தீவனம் நன்றாக இருந்தால் பாக்கெட்டைவிடச் சுத்தமான பால் கிடைக்கும். எல்லாம் அந்த ஒரு ஆள் கையில்.

ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். மடிவீக்கம் வந்த மாட்டுக்கு ஊசி போட்டால், மருந்தைப் பொறுத்துச் சில நாள் அந்தப் பாலை விற்கக் கூடாது. சர்வேயில் 77 மாதிரிகளில், 1.2 சதவீதத்தில், அனுமதித்த அளவுக்கு மேல் ஆன்டிபயாடிக் இருந்தது. பத்து லிட்டர் பாலைக் கீழே கொட்டினால் சின்னப் பண்ணைக்காரருக்கு அன்றைய லாபமே போய்விடும். கொட்டுகிறாரா என்பதை நீங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, நேரம். மாட்டு மடியிலிருந்து வரும் பால் மாட்டின் உடல் சூட்டில் இருக்கும். பாக்டீரியா அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பானால், ஒன்று ஐந்து மணி நேரத்தில் ஆயிரத்தைத் தாண்டும். அதனால்தான் கறந்தவுடன் 4 டிகிரிக்குக் குளிர்விக்கச் சொல்கிறார்கள். விடியற்காலை 3 மணிக்குக் கறந்த பால் ஐஸ் இல்லாத பெட்டியில் 8 மணிக்கு வந்தால் அது ‘ஃப்ரெஷ்’ கிடையாது. நீங்கள் காய்ச்சலாம், பாக்டீரியா சாகும். ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற வகை அதற்குள் உமிழ்ந்த நச்சு கொதியிலும் தாக்குப்பிடிக்கும். வாந்தி எடுக்க வைப்பது அதுதான்.

ஆகவே மாறுவதென்று முடிவெடுத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் பண்ணைக்கே போய்விடுங்கள். மாடு சந்தோஷமாக இருக்கிறதா என்று போட்டோ எடுப்பதைவிடத் தீவனம் வைத்திருக்கும் அறையைப் பாருங்கள். மூட்டைகள் பலகை மேல் இருக்கின்றனவா, தரையில் ஈரத்தில் கிடக்கின்றனவா? கறக்கும் முன் மடியைக் கழுவித் துடைக்கிறார்களா? குளிர்விக்கும் தொட்டி இருக்கிறதா, பாட்டிலை எதில் கழுவுகிறார்கள்? 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருக்கிறதா? கடைசியாக எப்போது புருசெல்லாவுக்கும் டிபிக்கும் மாடுகளைச் சோதித்தீர்கள், அறிக்கையைக் காட்ட முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல பண்ணைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார், பெருமையாகவே எடுத்துக் காட்டுவார். “எங்க மாட்டுக்கு அதெல்லாம் வராதுங்க” என்பது பதில் ஆகாது.

மெத்திலீன் புளூ என்று ஒரு பழைய, மலிவான சோதனை உண்டு. நீலச் சாயத்தைப் பாலில் விட்டு, நிறம் போக எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். 5 மணி நேரம் தாங்கினால் மிக நல்ல பால், அரை மணிக்குள் வெளுத்துவிட்டால் பாக்டீரியா மொய்க்கிறது என்று பொருள். உங்கள் பண்ணை இதைச் செய்கிறதா என்று கேட்கலாம். குரூப்பில் பத்து வீடு வாங்குகிறீர்கள் என்றால், அஃப்ளாடாக்சினுக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் சேர்ந்து பணம் போட்டு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ அங்கீகாரம் பெற்ற லேபில் வருடத்தில் சில தடவை மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். மழைக்காலத்தில் ஒரு தடவை கட்டாயம், தீவனம் நனைவது அப்போதுதான்.

இவ்வளவுக்கு நேரமில்லை என்றால் பாக்கெட் பாலிலேயே இருந்துவிடுவதில் எந்தக் குற்ற உணர்வும் வேண்டாம். ‘பவுடர் கலக்கிறார்கள்’ என்ற புகாரில் உண்மை உண்டு. வரத்து குறையும் மாதங்களில் பால் பவுடர் சேர்த்து டோன்ட் பால் தயாரிப்பது சட்டப்படியே நடப்பது. அதுவும் பாலில் இருந்து எடுத்த பவுடர்தான். ஆடை வரவில்லை என்ற குறைக்கு, 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்ட் பாக்கெட்டிலிருந்து 6 சதவீதம் உள்ள ஃபுல் கிரீமுக்கு மாறிப் பாருங்கள். பாதிப் பேருடைய ‘பண்ணைப் பால் ருசி’ அந்த 3 சதவீதத்தில்தான் இருக்கிறது.

எந்தப் பால் வாங்கினாலும் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு அதைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக, முக்கிய உணவாகக் கொடுக்க வேண்டாம் என்பதே இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. வீட்டில் கர்ப்பிணியோ, வயதானவர்களோ, கீமோ எடுப்பவர்களோ இருந்தால் பச்சைப் பால் என்ற பேச்சே வேண்டாம். பண்ணைப் பால் வந்த உடனே காய்ச்சி, அகலமான தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூட்டை இறக்கி, ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். ஆபீஸ் மீட்டிங் முடிந்து வந்து காய்ச்சிக்கொள்ளலாம் என்று பாட்டிலை வாசலில் விட்டுவிட்டுப் போகிற வீடு என்றால், பாக்கெட்டே மேல்.