வேலியும் விடுதலையும்

மிருகக்காட்சிசாலை என்றதும் இரும்புக் கம்பிகளும் அவற்றின் பின்னால் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் சிங்கமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்தக் காட்சியை மாற்ற முயன்ற ஸ்தாபனங்களுள் முக்கியமானது, லண்டனுக்குச் சுமார் 30 மைல் வடமேற்கே, பெட்போர்ட்ஷயரில் உள்ள விப்ஸ்னேட் மிருகசாலை. 1931-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி அது திறக்கப்பட்டது. அதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். அடைபட்ட ஜீவனுக்குச் செய்ய வேண்டிய நியாயம் எது என்ற கேள்வி அதன் சரித்திரத்தில் அடங்கியிருக்கிறது.

விப்ஸ்னேடை நடத்தும் லண்டன் பிராணிசாஸ்திர சங்கம் 1826-ல் ஏற்பட்டது. அதை ஸ்தாபிப்பதில் முன்னின்றவர் ஸர் ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர், ஜாவாவை ஆண்டவர், சிங்கப்பூரில் ஆங்கிலக் கொடியை நாட்டியவர். தேசங்களைப் பிடித்த கையே மிருகங்களையும் பிடித்தது என்று சொன்னால் அது மிகையாகாது. சங்கத்தின் ரீஜண்ட் பார்க் தோட்டம் 1828-ல் திறக்கப்பட்டது. அதன் விஸ்தீரணம் சுமார் 36 ஏக்கர்தான். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காடு காடாகத் திரிந்த ஜீவன்கள் அதற்குள் அடங்கிக் கிடக்க வேண்டியிருந்தது.

1903 முதல் 1935 வரை சங்கத்தின் காரியதரிசியாயிருந்த ஸர் பீட்டர் சால்மர்ஸ் மிட்செல் இந்த நெருக்கடி தகாது என்று கண்டார். மூடிச் சூடேற்றிய அறைகளைவிடத் திறந்த வெளியும் நல்ல காற்றுமே பிராணிகளுக்கு ஆரோக்கியம் என்பது அவருடைய கொள்கை. சங்கத்திற்கு நூறு வயது நிரம்பிய 1926-ல், டன்ஸ்டபிள் குன்றுகளின் மேல் பாழாய்க் கிடந்த பண்ணையொன்று வாங்கப்பட்டது. அதன் விஸ்தீரணம் சுமார் 600 ஏக்கர். மரஞ்செடிகள் குறைந்த சரிவுகள். அடியில் வெண்மையான சீமைச்சுண்ணாம்புப் பாறை. அதன் மேல் மெல்லிய மண்ணும் குட்டைப் புல்லும். எந்நேரமும் வீசும் காற்று. 1928-ல் முதல் பிராணிகள் வந்து சேர்ந்தன. இந்தியக் காடுகளிலும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி அவற்றில் ஒன்று. திறப்பு விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமையன்று மட்டும் 38,000 ஜனங்களுக்கு மேல் வந்து குவிந்தார்கள். 1933-ல் குன்றின் சரிவில் புல்லைச் சீவி, சுமார் 480 அடி நீளமுள்ள வெள்ளைச் சிங்கம் ஒன்றைச் சுண்ணாம்பில் வரைந்தார்கள். யுத்த காலத்தில் எதிரியின் விமானங்களுக்கு அது அடையாளமாகிவிடக் கூடாதென்று அதை மூடி மறைக்கவும் நேர்ந்தது.

கூண்டிலிருந்து வெளிக்கு வந்தது பெரிய சீர்திருத்தம் என்பதில் சந்தேகமில்லை. ரீஜண்ட் பார்க்கில் எஞ்சியிருந்த மூன்று ஆசிய யானைகளும் 2001-ல் விப்ஸ்னேடுக்குக் கொண்டுவரப்பட்டன. யானைக்கு நகரத்தின் நடுவே இடம் போதாது என்பதை ஒப்புக்கொள்ள அந்தச் சங்கத்துக்கு 170 வருஷம் பிடித்தது. தாமதமாக வந்தாலும் நியாயம் நியாயமே. அதை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் பாராட்டு வேறு, திருப்தி வேறு. சிறைச்சாலையில் அறையைப் பெரிதாக்கினால் தண்டனை ரத்தாகிவிடாது. 36 ஏக்கருக்குப் பதில் 600 ஏக்கர் கொடுத்தவர்கள் தயாள குணமுடையவர்களாக இருக்கலாம். எனினும் வேலி வேலிதான். அதன் சாவி இன்னொருவர் கையில்தான் இருக்கிறது. இங்கே பிரதிவாதி கட்சியார் ஒரு வாதம் சொல்வார்கள்: "அடைத்து வைத்திராவிட்டால் சில இனங்கள் பூண்டோடு அழிந்திருக்குமே!" இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. மீலு மானின் கதையே இதற்குச் சாட்சி.

மீலு, சீன தேசத்து மான். பீகிங் நகருக்குத் தெற்கே சக்கரவர்த்தியின் வேட்டைத் தோட்டத்தில் மட்டுமே அது மிஞ்சியிருந்தது. 1865-ல் ஆர்மண்ட் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதைக் கண்டார். அவர் பெயரையே மேனாட்டார் அதற்குச் சூட்டினார்கள். 1895-ல் வெள்ளம் வந்து தோட்டத்தின் மதிலை உடைத்தது. தப்பி ஓடிய மான்களைப் பசித்த ஜனங்கள் தின்றார்கள். எஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றை 1900-ல் பீகிங்கிற்குள் புகுந்த அந்நியப் படைகள் சுட்டுத் தீர்த்தன. ஐரோப்பிய மிருகசாலைகளில் இருந்த 18 மான்களைப் பெட்போர்ட் பிரபு தமது வோபர்ன் தோட்டத்தில் சேர்த்து வளர்த்தார். அங்கே பெருகிய மந்தையிலிருந்து விப்ஸ்னேடுக்கும் மான்கள் வந்தன.

கதை இதோடு முடிந்திருந்தால் அழித்தவர்களே காப்பாற்றியவர்கள் என்ற புகழையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று மட்டும் கூறி நிறுத்தியிருப்போம். ஆனால் 1985-ல் வோபர்னிலிருந்து 22 மான்கள் அந்தப் பழைய வேட்டைத் தோட்டம் இருந்த மண்ணுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. மறு வருஷம் விப்ஸ்னேட் உள்ளிட்ட பிரிட்டிஷ் மிருகசாலைகளிலிருந்து 39 மான்கள் கியாங்ஸு மாகாணத்தின் கடற்கரைச் சதுப்பு நிலத்துக்குச் சென்றன. இன்று சீன தேசத்தில் மீலு ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கிறது. அடைத்து வைத்ததற்கு நியாயம் அப்படித் திருப்பி அனுப்பிய தினத்தில்தான் பிறந்தது என்பது நமது அபிப்பிராயம்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. சீன தேசத்தார் நிலத்தை ஒதுக்கிக் காவல் போட்டுத் தயாராக வைத்திராவிட்டால் அந்த மான்கள் எங்கே இறங்கியிருக்கும்? திருப்பிக் கொடுக்கிறவனுடைய மனம் மட்டும் போதாது. பெற்றுக்கொள்கிறவனுடைய வீடும் இடியாமல் இருக்க வேண்டும். காட்டை வெட்டி விற்றுவிட்டு யானையை அந்நியன் வைத்திருக்கிறான் என்று முறையிடும் தேசத்தின் முறையீட்டை எந்தக் கோர்ட்டும் ஏற்காது.

எனவே மிருகசாலைகளை நடத்துவோருக்கு ஒரு யோசனை கூறுகிறோம். இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள், இத்தனை குட்டிகள் பிறந்தன என்று கணக்குக் காட்டுவது போதாது. காடு திரும்பியவை எத்தனை, திரும்பிய பின் பிழைத்தவை எத்தனை என்ற கணக்கையும் வருஷந்தோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அந்தப் பத்தியில் பூஜ்யம் மட்டுமே இருந்தால், ஏக்கர் எவ்வளவு விரிந்தாலும் அது காட்சிசாலையே. அந்தப் பத்தி நிரம்ப நிரம்பத்தான் வேலி போட்டவர்களின் கடன் தீரும்.