பாறையும் பெயர்ச்சியும்

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் வழியில், கரிசல் நிலத்தினிடையே உயர்ந்து நிற்பது கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய வெட்டுவான் கோயில் அங்கே உள்ளது. அதன் சிகரம் காண்போர் உள்ளத்தைக் கவரும், அடிப்பகுதியோ முற்றுப்பெறவில்லை. அத்தகைய கோயிலை வேறோர் ஊரார் விரும்பினால், தம் ஊர்ப் பாறையை உச்சியிலிருந்து மீண்டும் செதுக்குதல் வேண்டும்.

கணினி மென்பொருள் எழுதியோர் பலரும் இவ்வாறே ஒரு பாறையில் செதுக்கினர். திரையில் சாளரம், பொத்தான் முதலியவற்றைத் தோற்றுவிக்கும் ஆணைகள் விண்டோஸுக்கு ஒருவகை, மாக்கின்டாஷுக்கு வேறுவகை, லினக்ஸுக்கு மற்றொருவகை. ஒன்றுக்கென எழுதியது மற்றொன்றில் இயங்காது. இவ்விடர் நீங்க, பல தளங்களுக்கும் பொதுவான இனக்குழு நிரலகங்கள் எழுந்தன. மென்பொருள் எழுதுவோர் 'பொத்தான்' என்னும் இனக்குழுவை அழைத்தால் போதும். அந்தந்தத் தளத்தோடு பேசுவது நிரலகத்தின் கடமை.

அக்கடமையை ஆற்றும் முறை இரண்டு. 1992 இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய டபிள்யூ எக்ஸ் விட்ஜெட்ஸ், தளத்தின் சொந்தப் பொத்தானையே பெற்றுத் தரும். நார்வே நாட்டில் உருவாகி 1995 இல் வெளிவந்த கியூட்டி, பொத்தானைத் தானே வரையும். தானே வரைந்தால் எங்கும் ஒரே தோற்றம் கிட்டும் என்பது உண்மையே. ஆயினும் தமிழர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். 'கொ' என்று எழுதுங்கால், கணினியின் நினைவில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் நிற்கும்; திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் அமைதல் வேண்டும். விண்டோஸ் தளமே 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் தமிழுக்கு இவ்வசதியை அளித்தது. தானே வரையும் நிரலகம் இப்பணியையும், பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக்காட்டும் கருவியோடு பேசும் பணியையும் தானே மேற்கொள்ள வேண்டும். இன்றைய கியூட்டி, ஹார்ஃபஸ் என்னும் வேறொரு நிரலகத்தின் துணைகொண்டு எழுத்தை ஒழுங்காகவே அமைக்கிறது. அத்துணை இல்லாத நிரலகத்தை நாடுதல் தகாது. பொத்தான் தளத்துக்குத் தளம் வேறுபடுவது குற்றமன்று; எழுத்துச் சிதைவதே குற்றம்.

முதலில் ஒரு தளத்துக்கு எழுதிவிட்டுப் பின்னர்ப் பெயர்த்துக்கொள்ளலாம் என்பாரும் உளர். எகிப்தில் அபுசிம்பல் கோயில்களை அஸ்வான் அணைநீர் மூழ்கடிக்கும் என்றஞ்சி, 1964 முதல் 1968 வரை அவற்றை ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, சுமார் 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தினர். உலக நாடுகள் பல பொருளுதவி செய்தமையால் அது கைகூடிற்று. சிறியதொரு தமிழ் அகராதிச் செயலிக்கு அவ்வுதவி எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டரசு 2011 இல் மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. ஒரு தளத்திலேயே செதுக்கிய பாட மென்பொருள், மாணவன் மறுதளத்தைத் திறந்த அளவில் இல்லாததாகிவிடும். கணினி அதுவே, படிக்க விழைந்தவனும் அவனே.