கதவின் கீழ் முக்கால் அடி

மழை ஓய்ந்ததும் சாலைப் பணிகள் தொடங்கிவிடுகின்றன. தை முதல் பங்குனி வரை நம் ஊரகச் சாலைகளில் பழைய தாரைச் சுரண்டி எடுத்து, ஜல்லி பரப்பி, ரோலர் ஓட்டிவிட்டுப் போகிறார்கள். தார் விழும் நாள்வரை அந்தச் சாலை அப்படியே கிடக்கிறது. பள்ளிக்கூட வேனும் டிப்பர் லாரியும் புதிதாக வாங்கிய காரும் அதில்தான் போயாக வேண்டும். குவாரி, கிரஷர் பக்கத்து ஊர்களுக்கோ ஆண்டு முழுவதும் இதே நிலைதான்.

இந்த மாதங்களில் பட்டறைக்கு வரும் வாடிக்கையாளர் கைகாட்டுவது பானட்டை. அதில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அவர் கண்ணில் படுவது அதுதான், வருத்தமும் நியாயமானதுதான். ஆனால் குனிந்து பார்க்கும் பெயிண்டருக்குத் தெரியும், பெரிய சேதம் அங்கே இல்லை. முன்சக்கரத்துக்குப் பின்னால் ரன்னிங் போர்டு, கதவின் கீழ் முக்கால் அடி, பின்சக்கர வளைவின் முன் உதடு ஆகிய இடங்களில்தான் பெயிண்ட் கொத்துக் கொத்தாகப் பெயர்ந்திருக்கும். பானட்டில் அடித்த கல் முன்னே போன வண்டி கிளப்பியது. கீழே அடித்தது சொந்த டயர் கிளப்பியது. ஜல்லிச் சாலையில் முன்னே வண்டி இல்லாவிட்டாலும் சொந்த டயர் ஓயாமல் எறிந்துகொண்டேதான் இருக்கும். அப்படியிருந்தும் நம் தொழில் விற்கிற பாதுகாப்பில் பெரும்பகுதி பானட்டுக்கும் பம்பருக்கும் போகிறது. அடி வாங்கும் இடத்தை விட்டுவிட்டுக் கண்ணில் படும் இடத்துக்குக் காசு வாங்குகிறோம். இந்த இதழில் இதைப் பேசியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

அடி எப்படி விழுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஆற்றுக் கூழாங்கல் மழுங்கலானது. கிரஷரில் உடைத்த கருங்கல் ஜல்லிக்கு ஒவ்வொரு பக்கமும் கூர்முனை. வேகம் இரட்டிப்பானால் கல் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். எண்பதில் போகிற வண்டியை நாற்பதுக்கு இறக்கினால் அடியின் வேகம் பாதியாகும், ஆற்றல் கால்வாசியாகும். எந்த ஃபிலிமும் எந்தக் கோட்டிங்கும் செய்ய முடியாததை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கும் கால் செய்துவிடும். எதிரே லாரி வரும்போது வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். அதன் டயர் கிளப்பிய கல்லோடு நம் வண்டியின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. வண்டியை டெலிவரி எடுக்க வருகிறவரிடம் இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

இனி நம் கையில் இருப்பதற்கு வருவோம். தொழிற்சாலையிலிருந்து வரும் காரின் பெயிண்ட் மொத்தமாகவே 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதற்குள் ஈ-கோட் 20 மைக்ரான் அளவு, அதன்மேல் பிரைமர், பிறகு கலர், கடைசியில் 40, 50 மைக்ரானுக்குக் கிளியர். இவ்வளவு மெல்லியதாக இருந்தும் அது தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் தடிமன் இல்லை. அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியும், உள்ளடுக்கின் நெகிழ்வும்தான். பெயிண்ட் தயாரிப்பாளர்கள் இதைச் சோதிக்கவே தனிக் கருவி வைத்திருக்கிறார்கள். ஐஎஸ்ஓ 20567-1 தரநிலையில் 500 கிராம் கூர்முனை இரும்பு மணிகளைக் காற்றழுத்தத்தில் பலகைமேல் எறிந்து, பெயர்ந்த பரப்பை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள்.

நம்மிடம் அந்தக் கருவி இல்லை. ஆனால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று எல்லாப் பட்டறையிலும் இருக்கலாம். கல் பட்ட ஒரு புள்ளியை அதில் பாருங்கள். கலர் அப்படியே இருந்து, மேலே கிளியர் மட்டும் செதிலாகப் போயிருந்தால் கலருக்கும் கிளியருக்கும் நடுவில் பிடிப்பு இல்லை. பேஸ் கோட்டைக் கனமாக அடித்திருப்போம், அல்லது அடித்துவிட்டு நெடுநேரம் விட்டிருப்போம். அடியில் பிரைமர் வழவழவென்று தெரிந்தால் வாட்டர் பேப்பர் சரியாகப் படவில்லை. பட்டி தெரிந்தால் அந்த இடத்தில் டிங்கரிங் முடியும் முன்பே பட்டி போட்டு மூடியிருக்கலாம். ஒரு கல் விழுந்த இடத்தில் மிளகளவு குழி வருவது கல்லின் வேலை. நகத்தளவு செதில் பெயர்வது பெயிண்ட் வேலையின் குறை. வாடிக்கையாளர் இரண்டையும் 'கல் அடித்தது' என்றுதான் சொல்வார். பிரித்துப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

பழைய பெயிண்டின் மேலேயே திரும்பத் திரும்ப அடித்து 300 மைக்ரானைத் தாண்டிய பேனல் வலுவானது என்று இன்னும் சில பெயிண்டர்கள் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. கனம் ஏற ஏற பெயிண்ட் விறைக்கிறது, அடி பட்டால் பாளமாகப் பெயர்கிறது. பெயிண்ட் கனத்தைக் காட்டும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, தேவையானால் பழையதை இறக்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

என்னை மிகவும் உறுத்துவது விபத்து வேலைகளில் நடப்பது. பல கார்களில் ரன்னிங் போர்டின் கீழ்ப்பகுதியைத் தடவினால் ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாக இருக்கும். கல்லடியைத் தாங்குவதற்காகவே தொழிற்சாலை அங்கே நெகிழ்வான ஒரு கோட்டிங்கைப் போட்டு அதன்மேல் கலர் அடித்திருக்கிறது. பின்சக்கர வளைவின் முன்பக்கத்தில் உள்ளங்கையகல ஒளிபுகும் ஃபிலிம் ஒட்டிய கார்களும் உண்டு. அடிபட்டு வந்த வண்டியில் ரன்னிங் போர்டை மாற்றுகிறோம், குவார்ட்டர் பேனலைத் தட்டி எடுக்கிறோம். வேலை முடிந்து வெளியே போகும்போது அந்தச் சொரசொரப்பும் இல்லை, அந்த ஃபிலிமும் இல்லை. கண்ணாடிபோல் வழவழப்பாக அடித்துக் கொடுத்துவிட்டு, அதைத் திறமை என்றும் நினைத்துக்கொள்கிறோம். எதிர்ப்பக்கத்தில் தொழிற்சாலை போட்டது அப்படியே நிற்க, நாம் அடித்த பக்கம் மட்டும் முதல் ஜல்லிச் சாலையிலேயே உதிர்கிறது. ஸ்டோன் சிப் கோட்டிங் கடையில் கிடைக்கிறது, அடிக்கும் கன்னும் கிடைக்கிறது. எதிர்ப்பக்க டெக்ஸ்சரைப் பார்த்து, ஒரு தகரத்தில் அடித்துப் பொருத்திக்கொண்டு, பிறகு வண்டியில் அடிக்க வேண்டும். எஸ்டிமேட்டில் அதற்குத் தனி வரி போட்டே கேளுங்கள். கேட்காமல் விட்டுவிட்டு, செய்யாமலும் விட்டுவிடுவது சரியில்லை.

அடுத்து பிபிஎஃப் எனப்படும் பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம் பற்றி. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க உருவான பாலியூரத்தேன் டேப்பின் வழிவந்தது இது. நல்ல டிபியு (தெர்மோபிளாஸ்டிக் பாலியூரத்தேன்) ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான் இருக்கும். காரின் முழுப் பெயிண்டையும்விடக் கனமான ரப்பர்த் தன்மை கொண்ட ஒரு படலம் மேலே இருக்கிறது, அதனால் சிறிய கல்லின் அடியை வாங்கிக்கொள்கிறது. பெரிய கல் அதையும் கிழிக்கும், தகரத்தை நெளிக்கவும் செய்யும். வெயில் பட்டால் தானாக ஆறுவது மேற்பரப்பின் மெல்லிய கீறல்தான். கிழிசல் ஆறாது. பிவிசி வகை ஃபிலிமை டிபியு என்று சொல்லி ஒட்டுவது நம் ஊரில் பெருகிவருகிறது. அது சுருங்கும், மஞ்சளாகும், கல்லடியை அந்த அளவுக்கு வாங்காது. இன்னொன்று, மறுபெயிண்ட் அடித்த பேனலில் ஃபிலிம் ஒட்டும்முன் பெயிண்ட் முழுதாக உலர வேண்டும். பெயிண்ட் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்வது ஒரு மாத அளவு. பிடிப்பில்லாத பெயிண்டில் ஒட்டினால் பிரிக்கும் நாளில் ஃபிலிமோடு கலரும் வரும்.

முழு வண்டிக்கும் ஃபிலிம் ஒட்ட லட்சத்தைத் தொடும் செலவைத் தாங்க முடியாதவருக்கு, அடி வாங்கும் இடத்துக்கு மட்டும் ஒட்டிக் கொடுக்கலாம். ரன்னிங் போர்டு, கதவின் கீழ்ப்பகுதி, பின் வளைவு உதடு, பானட்டின் முன்விளிம்பு. கிராமத்து டாக்சிக்காரருக்கும் இது கட்டுப்படியாகும்.

செராமிக் கோட்டிங் கல்லைத் தடுக்காது. அதன் கனம் ஓரிரு மைக்ரான்தான். தண்ணீர் நிற்காது, அழுக்கு எளிதில் போகும், பளபளப்பு நிற்கும். அந்த அளவில் நல்ல பொருள். கிராஃபீன் என்று பெயர் மாற்றினாலும் கதை இதுவே. சுத்தியலால் தட்டிக் காட்டும் விளம்பரப் படங்களை நம் பட்டறைச் சுவரில் ஒட்டக்கூடாது.

மட் ஃபிளாப் சில நூறு ரூபாய்ப் பொருள், ஜல்லிச் சாலையில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் டயரின் முழு அகலத்தையும் மறைக்க வேண்டும். அகல டயரும் வெளியே துருத்தும் அலாய் வீலும் போட்ட வண்டியில் கம்பெனி ஃபிளாப் பயன்படாது, கதவு முழுவதும் கல் தெறிக்கும். அலாய் விற்கும்போதே இதைச் சொல்லிவிடுவது முறை. ஃபிளாப்பை மாட்டும்முன் அடியில் ஒரு துண்டு ஃபிலிம் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் இடையில் சேரும் மண்ணே பெயிண்டைத் தேய்த்துவிடும். சஸ்பென்ஷன் வேலைக்குக் கழற்றிய வீல் லைனரை கிளிப் உடைந்துவிட்டது என்று பாதியில் தொங்கவிடுவதும் நிற்க வேண்டும்.

தகரம் தெரியும் குழி மழைக்கு முன் மூடப்பட வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று காத்திருக்காது. துருவைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய தூரிகை நுனியில் ஒரு துளி எபாக்சி பிரைமர், காய்ந்தபின் கலர், பிறகு கிளியர். பேனல் முழுவதையும் அடிக்கலாம் என்று ஆசை காட்ட வேண்டாம். தொழிற்சாலைப் பெயிண்ட் நல்ல நிலையில் இருந்தால் அதைக் காப்பதே வாடிக்கையாளருக்கு லாபம்.

இந்த மாதத்திலிருந்து ஒரு பழக்கத்தைத் தொடங்குங்கள். ஜாப் கார்டில் மூன்று விவரங்களை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்: அடிப்பதற்கு முன்னும் பின்னும் மீட்டர் காட்டிய மைக்ரான் அளவு, ரன்னிங் போர்டில் ஸ்டோன் சிப் கோட்டிங் போட்டதா இல்லையா, ஒட்டிய ஃபிலிம் டிபியுவா பிவிசியா. செராமிக் போட்டிருந்தால் கல்லடிக்கு அது பொறுப்பில்லை என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.